பிசிர் எழும்பினதா? – கத்தி தீட்டுவது பற்றி வாசகர் கேள்விகள்

கவ்வி வைத்துக் கத்தி தீட்டும் செட் இப்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்தால் சொக்லட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் இதுவும் கிடக்கிறது. பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: கத்தியின் முதுகை ஒரு கவ்வி பிடித்திருக்கும். கல் ஒரு நீண்ட தண்டில் பூட்டியிருக்கும். தண்டின் மறுமுனை ஒரு துவாரத்திலோ உருண்டை மூட்டிலோ ஓடும். கை கொஞ்சம் ஆடினாலும் கல் ஒரே கோணத்தில் வாயைத் தொடும். இந்தக் கருவிக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். மிச்சம் தீட்டுகிறவரின் பாடு. அந்த மிச்சத்தைப் பற்றித்தான் இம்முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன.

தம்பி கனடாவிலிருந்து நாலு கல்லுள்ள கவ்விச் செட் அனுப்பினார். துண்டுப்பிரசுரத்தில் சொன்னபடி ஒவ்வொரு கல்லாலும் பக்கத்துக்கு 20 தரம் இழுத்தேன். வெங்காயம் வெட்டுகிறது, தக்காளித் தோலில் வழுக்குகிறது. கல் கூடாத கல்லா?
– வாசகி, கல்லடி

கல்லில் குற்றமில்லை அம்மா. குற்றம் அந்த இருபதில். உங்கள் கத்தி எவ்வளவு மொட்டை, உருக்கு எவ்வளவு கடினம், பழைய சரிவு (வாயோரத்தில் தீட்டிய சாய்வு) என்ன கோணத்தில் நிற்கிறது என்பதெல்லாம் துண்டுப்பிரசுரம் எழுதியவருக்குத் தெரியாது. தொழிற்சாலையில் 22 பாகையில் தீட்டிய கத்தியை நீங்கள் 18 பாகையில் வைத்துத் தேய்த்தால், கல் சரிவின் மேல்தோளை, அதாவது சரிவு தொடங்கும் முதுகுப் பக்க விளிம்பைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கும். வாயின் நுனியை அது தொடவே இல்லை. அப்படியே நூறு தரம் இழுத்தாலும் பளபளப்பு வரும், கூர் வராது.

இதைப் பிடிக்க ஒரு மார்க்கர் பேனை போதும். இரண்டு பக்கச் சரிவிலும் கறுப்பு மையைப் பூசுங்கள். கல்லால் மெதுவாக இரண்டு மூன்று தரம் இழுத்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். மை வாயோரத்தில் மட்டும் அழிந்திருந்தால் நீங்கள் வைத்த கோணம் பழையதைவிடப் பெரிது. முதுகுப் பக்கமாக மட்டும் அழிந்திருந்தால் சிறிது. சரிவு முழுவதும் ஒரே சீராக அழிந்திருந்தால் பழைய கோணம் கைக்கு வந்துவிட்டது. கோணத்தைச் சிறிதாக்கித்தான் தீட்ட வேண்டும் என்று நினைத்தால் தீட்டலாம். ஆனால் அந்தத் தோள் முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டும். முதல்தரம் பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அடுத்தது பிசிர். செட்டிலுள்ள மிகக் கரடான கல்லை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள். எண்ண வேண்டாம். இரண்டு சரிவும் வாயில் வந்து சந்தித்தவுடன், தேய்க்காத மறுபக்கத்தில் உருக்கு மெல்லிய மடிப்பாகச் சாய்ந்து எழும்பும். அதுதான் பிசிர். கண்ணுக்கு இலேசில் தெரியாது, கைக்குத் தெரியும். பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி இழுத்து, வாயைக் கடந்து வெளியே விடுங்கள். கடைசியில் ஏதோ கொளுவுவதுபோல இருக்கும். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது. விரலை வைக்கப் பயமென்றால் கொஞ்சம் பஞ்சை அதே திசையில் இழுங்கள். பஞ்சு நார் எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிர் இருக்கிறது.

குதியிலிருந்து நுனி வரை ஒரு விரலளவு இடமும் விடாமல் பிசிர் எழும்ப வேண்டும். பெரும்பாலும் நுனிப் பக்கம் கடைசி 2 சென்ரிமீற்றரில்தான் அது வராமல் அடம்பிடிக்கும். அங்கே மட்டும் கூடுதலாகத் தேயுங்கள். பிறகு கத்தியைத் திருப்பி, பிசிர் முதல் பக்கத்துக்கு வரும்வரை மறுபக்கத்தைத் தேயுங்கள். இவ்வளவும் முடியும்வரை இரண்டாவது கல்லைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். மொத்த வேலையில் முக்கால் பங்கு முதல் கல்லுடையது. அடுத்த கற்கள் முந்திய கல் போட்ட கோடுகளை அழிக்க வந்தவை; அவற்றுக்குப் பக்கத்துக்கு 15, 20 தரம் தாராளம்.

கடைசிக் கல்லில் பிசிரைக் கழற்ற வேண்டும். கையின் பாரத்தை எடுத்துவிட்டு, கல்லின் சொந்தப் பாரத்தில் மட்டும் விடுங்கள். இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 5. பிறகு 3, 3. பிறகு ஒன்றுக்கொன்றாகப் பத்துத் தரம் மாற்றி மாற்றி. கல் வாய்க்கு எதிராக, அதாவது வாயிலிருந்து முதுகை நோக்கி நகர வேண்டும். பிறகு தோல் பட்டியில், அது இல்லாவிட்டால் பலகையில் இழுத்து ஒட்டிய பழைய ஜீன்ஸ் துணியில், முதுகு முன்னால் போக வாய் பின்னால் வர நாலைந்து தரம் தடவுங்கள்.

உங்கள் கத்தியில் எது குறை என்று அறிய ஒரு வழி. வாயை மேலே பார்க்கப் பிடித்து, விளக்குக்கு நேரே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, கறுப்பாகவே இருக்கும். வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் இன்னும் மொட்டை. முதல் கல்லுக்குத் திரும்புங்கள். மின்னல் எதுவுமில்லை, கடதாசியும் வெட்டுகிறது, ஆனால் இரண்டு வெங்காயத்தோடு கூர் போய்விடுகிறது என்றால் பிசிர் கழறாமல் நிற்கிறது. அது பலகையில் பட்டதும் மடிந்துவிடும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

மீன் கத்தி, இறைச்சிக் கத்தி, மரக்கறிக் கத்தி எல்லாவற்றுக்கும் ஒரே கோணம் போதுமா? எங்கள் செட்டில் 17, 20, 25, 30 என்று நாலு துவாரம் இருக்கிறது.
– வாசகர், கல்முனை

அந்த எண்கள் ஒரு பக்கத்துக்கு உரியவை. 20 என்ற துவாரத்தில் இரண்டு பக்கமும் தீட்டினால் வாயின் முழுக் கோணம் 40. இதைக் குழப்பிக்கொண்டு, கத்திப் பெட்டியில் 30 என்று போட்டிருப்பதைப் பார்த்து 30 துவாரத்தில் தீட்டிக் கெடுத்தவர்கள் உண்டு. பெட்டியில் இருந்தது முழுக் கோணம். அவர் 15 பிடித்திருக்க வேண்டும்.

குசினியில் நாளாந்தம் புழங்கும் சுவிஸ், ஜெர்மன் வகை உருக்குக் கத்திகள், கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை நிற்பவை. கொஞ்சம் மெதுவான உருக்கு. 17 முதல் 20 வரை இவற்றுக்குப் பொருந்தும். ராக்வெல் 60க்கு மேலான யப்பான் கத்தி 15ஐயும் தாங்கும், ஆனால் எலும்பில் பட்டால் மடியாமல் உடையும். மீனின் தோலை உரித்துச் சதையைக் கழற்றும் மெல்லிய கத்திக்கு 17. கோழி மூட்டு வெட்டுகிற கத்திக்கு 22, 23. எலும்பில் போடும் வெட்டுக்கத்திக்கு 25க்குக் கீழே இறங்காதீர்கள். 30 துவாரம் வீட்டில் அநேகமாகத் தேவைப்படாது. பெருக்கெடுத்த ஆசையில் எல்லாவற்றையும் 15இல் தீட்டினால் முதல் நாள் சவரக்கத்தி, மூன்றாம் நாள் அரிவாள்.

இன்னொன்று. துவாரத்தில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள கத்திக்குக் கணித்தது. தண்டு சுழலும் இடத்திலிருந்து கத்தி வாய் வரை 15 சென்ரிமீற்றர் இருக்கும்போது 20 பாகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே துவாரத்தில் 3 சென்ரிமீற்றர் கூடுதல் அகலமான கத்தியைப் பூட்டினால் வாய் தள்ளிப்போய், கோணம் 17 ஆகிவிடும். ஆகவே மரக்கறிக்கான அகலக் கத்திக்கு ஒரு துவாரம் மேலே, ஒடுங்கிய கத்திக்கு ஒரு துவாரம் கீழே பார்த்துக்கொள்ளுங்கள். சின்னச் சதுரப் பெட்டியாக வரும் டிஜிட்டல் கோணமானி இருந்தால் கத்தியின் தட்டையான பக்கத்தில் வைத்துப் பூச்சியமாக்கி, பிறகு கல்லின் முதுகில் ஒட்டிப் பாருங்கள். உண்மைக் கணக்கு தெரிந்துவிடும்.

அஸ்ஸலாமு அலைக்கும். குர்பான் கொடுக்கும் நீளமான கத்தியை இந்தச் செட்டில் தீட்டலாமா? அலகு 30 சென்ரிமீற்றர். நடுவில் பிடித்தால் நுனி சரியாக வரவில்லை. நுனிப் பக்கத்தில் சரிவு அகலமாகி அசிங்கமாகத் தெரிகிறது.
– வாசகர், காத்தான்குடி

வஅலைக்கும் ஸலாம். தீட்டலாம், நன்றாகவே வரும். நுனி ஏன் அகலமாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், இதைப் பிழையாக விளங்கிக்கொள்பவர்கள் அதிகம்.

கவ்வியிலிருந்து தூரம் போகப் போகக் கோணம் குறைந்துகொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். வாய் நேர்கோடாக இருக்கும்வரை அது நடக்காது. ஒரு புள்ளியையும் ஒரு நேர்கோட்டையும் சேர்த்து ஒரேயொரு தளம்தான் வரையலாம். தண்டு சுழலும் இடம் அந்தப் புள்ளி, கத்தி வாய் அந்தக் கோடு. கல் எங்கே நின்றாலும் அதே தளத்தில்தான் நிற்கும். ஆகவே நேரான பகுதியில் 5 சென்ரிமீற்றர் தள்ளியும் 15 சென்ரிமீற்றர் தள்ளியும் கோணம் ஒன்றே.

மாறுவது வளைவில். நுனி மேலே வளையும் இடத்தில், சுழலும் இடத்திலிருந்து அந்த வளைவுக்கான செங்குத்துத் தூரம் மாறுகிறது. தூரம் கூடினால் கோணம் குறையும். மேலே சொன்ன அதே 15 சென்ரிமீற்றர், 20 பாகைக் கணக்கில், வாய் 30 பாகை சாய்ந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் மேலேறிய நுனிப் பகுதி கவ்வியின் நடுவிலிருந்து 12 சென்ரிமீற்றர் தள்ளியிருந்தால் அங்கே கோணம் ஏறத்தாழ 17. கோணம் குறைந்த இடத்தில் சரிவு அகலமாகத் தெரியும். நீங்கள் கண்ட அசிங்கம் இதுதான். அதே நுனி 6 சென்ரிமீற்றரில் இருந்தால் 20க்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட அதே கோணம். இன்னும் கிட்ட இழுத்தால் கோணம் கூடிச் சரிவு ஒடுங்கும்.

உங்கள் கத்தியை இரண்டு பிடியில் தீட்டுங்கள். முதல் பிடி குதிப் பக்கத்து நேர்ப் பகுதிக்கு. இரண்டாவது பிடியில் கவ்வியை முன்னுக்கு நகர்த்தி, வளைவு தொடங்கும் இடம் 6, 7 சென்ரிமீற்றருக்குள் வரும்படி வையுங்கள். பிறகு நுனியில் மை பூசிப் பார்த்து அரைச் சென்ரிமீற்றர் முன்னே பின்னே தள்ளித் திருத்துங்கள். இரண்டு பிடியிலும் கவ்விக்கு வெளியே நீண்டிருக்கும் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் 20ஐ 19 ஆக்கும். 2 மில்லிமீற்றர் வித்தியாசம் கவலைப்படத் தக்கதல்ல. இரண்டு பிடியும் ஒன்றின்மேல் ஒன்று 3 சென்ரிமீற்றராவது ஏறி நிற்கட்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு படி விழும்.

நீண்ட அலகு கல்லின் பாரத்துக்கு வளைந்து கொடுக்கும். வளைந்தால் கோணம் போச்சு. தூரப் பகுதிக்குக் கீழே உயரம் பார்த்து ஒரு மரத்துண்டைத் தாங்கலாக வையுங்கள். தீட்டாத பகுதியின் வாயைத் தடித்த கடதாசியால் மூடிக் கட்டிவிடுங்கள். கை போய்வரும் பாதையில் அது திறந்து நிற்கிறது.

அறுக்கும் கத்திக்கு 20 பாகை, 600 அல்லது 1000 ஆம் எண் கல் வரை (எண் கூடக் கூடக் கல் நுண்மை), பிறகு தோல் பட்டி. வாயில் சிறு வெட்டுக்கூட இருக்கக் கூடாது. பெருவிரல் நகத்தின் மேல் கத்தியை அதன் சொந்தப் பாரத்தில் மட்டும் வைத்து நீளத்துக்கு மெதுவாக இழுத்தால் மயிரளவு வெட்டும் நகத்தில் தடக்கும். தடக்கினால் அந்த வெட்டின் ஆழம் முழுவதும் போகும்வரை கரட்டுக் கல்லுக்குத் திரும்ப வேண்டியதுதான். கத்தியைக் கூராக்கிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் பிராணியின் கண்முன்னே தீட்டுவதையும் விரும்பவில்லை. பெருநாள் காலையில் அவசரப்படாமல் முதல் நாளே முடித்து, எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள்.

மீன் வெட்டிக் கொடுக்கும் தொழில். காலையில் தீட்டினால் பத்து மணிக்குக் கத்தி மொட்டை. 17 பாகையில் கண்ணாடிபோலத் தீட்டியும் இதே கதை.
– வாசகர், வாழைச்சேனை

இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று நீங்கள் தீட்டும் முறை. மற்றது கத்தியில் இல்லை, மீனில் இருக்கிறது.

முதலில் மீன். கரையில் இறக்கிய மீனில் மணல் ஒட்டியிருக்கும். கடல் மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அது கத்தி உருக்கைவிடக் கடினம். செதிலுக்குள் நிற்கும் இரண்டு மணல் போதும், வாயைக் கடித்துவிட. வெட்டும் குற்றியின் பிளவுகளிலும் மணல் இறங்கி நிற்கும், கத்தி ஒவ்வொரு தரமும் அதன்மேல் விழும். வெட்டுமுன் மீனுக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். புளியங்குற்றியை மாலையில் கத்தி முதுகால் சுரண்டிக் கழுவுங்கள். மேல்முகம் குழி விழுந்திருந்தால் சீவி எடுத்துவிடுங்கள். சீமெந்துத் தரையிலும் தரைஓட்டிலும் கத்தி படவே கூடாது.

இனி தீட்டு. 17இல் கண்ணாடிபோல மினுக்கிய வாய் சதைக்கு அழகாக இறங்கும், அறக்குளாவின் முள்ளுக்கும் பாரையின் தலைக்கும் அது தாங்காது. உங்களுக்கு வேண்டியது இரட்டைச் சரிவு. 18 அல்லது 20 பாகையில் வழக்கம்போலத் தீட்டிப் பிசிர் எடுங்கள். பிறகு தண்டை 25க்கு ஏற்றி, 600 ஆம் எண் கல்லால் பாரமில்லாமல் பக்கத்துக்கு 4, 5 தரம் மட்டும். வாயின் ஓரத்தில் மயிரிழை அகலத்தில் இன்னொரு சரிவு விழும். வெட்டுகிற சுகம் அவ்வளவாகக் குறையாது, வாய் நிற்கும் நேரம் நன்றாகக் கூடும். அடுத்த நாள் காலையில் அந்தச் சிறு சரிவை மட்டும் புதுப்பித்தால் போதும், இரண்டு நிமிட வேலை. அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியுமளவு அகலமானால் 20க்கு இறங்கி முழுவதையும் ஒருதரம் தீட்டுங்கள்.

600க்கு மேலே மினுக்க வேண்டாம். மீன் தோலைப் பிடித்துக் கடிக்க வாயில் கொஞ்சம் அரம் இருக்க வேண்டும். தலையும் நடுமுள்ளும் வெட்ட 25, 28 பாகையில் தீட்டிய பாரமான கத்தி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கத்தியில் இரண்டு வேலையும் பார்க்க முயல்வதுதான் பாதிக் கூரைத் தின்கிறது.

வைரக்கல் என்று வாங்கியது ஆறு மாதத்தில் வழுக்குகிறது. ஓரத்தில் துருவும் பிடித்திருக்கிறது. கூட வந்த வெள்ளைக் கல்லும் சாம்பலாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் தேய்க்கிறேன்.
– வாசகி, ஆரையம்பதி

தேங்காய் எண்ணெயை நிறுத்துங்கள். அது கல்லில் நின்று பிசினாகி, உருக்குத் தூளையும் பிடித்துக்கொள்ளும். கல்லின் பல் மூடிவிட்டது, அதனால்தான் வழுக்குகிறது. வைரக்கல்லுக்குச் சில சொட்டுத் தண்ணீர் போதும், உலர்ந்தும் பாவிக்கலாம். பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்துலக்கியும் கொண்டு வட்டமாகத் தேயுங்கள். பிசின் விடாப்பிடியாக நின்றால் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு சவர்க்காரம். வெள்ளைக் கல் பெரும்பாலும் பீங்கான் வகை. அதன் சாம்பல் நிறம் ஒட்டிய உருக்கு. பாத்திரம் விளக்கும் தூளும் பச்சை நார்த் துண்டும் போட்டுத் தேய்த்தால் வெள்ளையாகிவிடும். இடையிடையே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் அழித்தாலும் இரண்டு வகைக் கல்லும் தூளை விடும்.

கழுவியும் வைரக்கல் வழுக்கினால் அழுத்தித் தேய்த்திருக்கிறீர்கள். வைரத் துகள்கள் நிக்கல் பூச்சில் ஒரே படையாகத்தான் பதிந்திருக்கும். அழுத்தினால் துகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும், திரும்ப வராது. புதுக் கல்லில் முதல் ஒன்றிரண்டு கத்திக்குக் கரடான கோடுகள் விழுவது வழக்கம். உயர்ந்து நிற்கும் துகள் அடங்கியதும் சீராகும். அந்த நேரத்தில் பிடித்தமான கத்தியைக் கொடுக்காதீர்கள்.

துரு உப்புக்காற்றின் வேலை. வைரத்தின் கீழே இருப்பது இரும்புத் தகடு. கழுவியதும் துவாயால் ஒற்றி, வெயிலில் பத்து நிமிடம் காய வைத்துப் பெட்டியில் போடுங்கள். மார்கழி மழையில் பெட்டிக்குள் ஈரமிழுக்கும் சிலிக்கா பை ஒன்றும் கிடக்கட்டும், சப்பாத்துப் பெட்டியில் வருவதே போதும்.

சாதாரணக் கல், அதாவது அலுமினியம் ஒக்சைட்டோ சிலிக்கன் காபைட்டோ, நடுவில் குழி விழும். குழிக் கல்லில் கோணம் இடத்துக்கிடம் மாறும். தடித்த கண்ணாடித் துண்டில் 220 ஆம் எண் தண்ணீர் சாண்ட் பேப்பரை ஈரமாக ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, கட்டம் முழுவதும் அழியும்வரை தேயுங்கள். கல் இதனால் மெலியும். 15 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு மில்லிமீற்றர் மெலிந்தால் கோணம் ஏறத்தாழ 0.4 பாகை மாறும். ஒரு கல் 3 மில்லிமீற்றர் தடிப்பாகவும் அடுத்தது 6 ஆகவும் இருந்தால் ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம். அப்போது நுண்ணிய கல் வாயைத் தொடாமலே மேலே ஓடும், நீங்களும் மணிக்கணக்கில் மினுக்கிக்கொண்டிருப்பீர்கள். கல் மாற்றும்போதெல்லாம் மையைப் பூசிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

தாக்கத்தியையும் காட்டுக்கத்தியையும் கவ்வியில் பிடிக்க முடியுமா?
– வாசகர், சம்மாந்துறை

வேண்டாம். தாக்கத்தியின் வாய் உள்வளைவு. தட்டைக் கல் இரண்டு ஓரத்திலும் பட்டு நடுவை விட்டுவிடும். பல் வெட்டிய தாக்கத்தியென்றால் தட்டைக் கல் பல்லையே மழுக்கிவிடும். பல்லில்லாததற்கு அரைவட்ட அரத்தின் வளைந்த முகம், பிறகு விரலளவு தடியில் சுற்றிய 400 ஆம் எண் சாண்ட் பேப்பர்.

காட்டுக்கத்தி பெரும்பாலும் லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்தது, முதுகு தடிப்பு, கவ்வியின் வாய்க்குள் போகாது. அதை மேசை ஓரத்தில் கட்டி, தட்டை அரத்தால் 25 முதல் 30 பாகைக்குள், அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தித் தேயுங்கள். திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள், இழுத்தால் அரத்தின் பல் போகும். இங்கேயும் பிசிர்தான் கணக்கு. அரம் கடிக்காமல் சறுக்கினால் அந்த இடம் மிகக் கடினமாக ஊறியிருக்கிறது. அங்கே கரட்டுக் கல்தான்.

தெருவோரத்தில் மோட்டார்ச் சாணையில் கொடுத்துத் தீட்டிய கத்தி நுனியில் நீலமாகி வந்தது. இப்போது எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் கூர் நிற்கவில்லை.
– வாசகர், அக்கரைப்பற்று

நீலம் என்றால் அந்த இடம் கிட்டத்தட்ட 300 பாகை செல்சியஸ் சூட்டைக் கண்டிருக்கிறது. சாதாரணக் கரி உருக்கு அந்தச் சூட்டில் கடினத்தை இழந்துவிடும். மெல்லிய வாயில் இது ஓரிரு விநாடியில் நடக்கும். கை சுடுவதற்குள் கத்தி கெட்டுவிடும். மெதுவாகிப்போன உருக்கைத் தேய்த்து அகற்றுவதைத் தவிர வழியில்லை. நீலம் 2 மில்லிமீற்றருக்குள் நின்றால் கவ்வியில் பிடித்து 120 ஆம் எண் கல்லால் பொறுமையாக இறக்கலாம். அதற்கு மேல் போயிருந்தால் அந்தக் கத்தியைத் தேங்காய்ச் சிரட்டைக்கு ஒதுக்குங்கள். அடுத்தமுறை கொடுத்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் தோய்க்கிறாரா என்று பார்த்துக் கொடுங்கள். காலால் மிதித்துச் சுற்றும் பழைய சாணையில் இந்தப் பயம் குறைவு, அது மெதுவாகச் சுற்றுகிறது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? விலை வித்தியாசம் பத்து மடங்காக இருக்கிறதே.
– வாசகர், சாய்ந்தமருது

விலையைவிட மூட்டைப் பாருங்கள். தண்டு நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. அங்கே ஒரு மில்லிமீற்றர் ஆட்டமென்றால் கல்லும் கூடவே ஆடும், கருவி எதற்கு? தண்டைக் கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். நேராக இருந்தால் தடங்கலின்றி உருளும். கவ்வியின் இரண்டு உதடும் நடுவில் சந்திக்கின்றனவா என்பது அடுத்தது. ஒருபக்கம் சரிந்த கவ்வியில் ஒரு பக்கம் 18ஆகவும் மறுபக்கம் 22ஆகவும் விழும். ஒரு சரிவு அகலமாகவும் மற்றது ஒடுக்கமாகவும் தெரியும்.

மெல்லிய கத்தி மலிவான கவ்வியில் நழுவும். திருகை இறுக்கி இறுக்கி மரை போனதுதான் மிச்சமாக இருக்கும். கத்தி முதுகில் மறைப்பு டேப் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடியுங்கள், நழுவாது, கீறலும் விழாது. பிடித்த இடத்தைக் குறித்து வையுங்கள்: குதியிலிருந்து இத்தனை சென்ரிமீற்றர், இந்தத் துவாரம் என்று. அடுத்தமுறை அதே இடத்தில் பிடித்தால் நடுத்தரக் கல்லில் ஐந்து நிமிடம் போதும்; மாற்றிப் பிடித்தால் முதலிலிருந்து தொடக்கம்.

பத்துக் கல் வரும் செட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். 240 முதல் 320க்குள் ஒரு வைரக்கல், 600 முதல் 1000க்குள் ஒன்று, ஒரு தோல் பட்டி. வீட்டுக்கு இது தாராளம். கத்தியை இடையில் விட்டு இழுக்கும் 'வி' வடிவக் கருவியும் இந்தப் பெயரில் விற்கிறது. அது வாயைச் சுரண்டி உருக்கைக் கிழிக்கும். கோணமும் அவர்கள் வைத்ததுதான். அவசரத்துக்கு வெட்டும், கத்தியின் ஆயுளைத் தின்னும்.

பாண் வெட்டும் பல் கத்தி? கத்தரிக்கோல்?
– வாசகி, கல்முனை

பாண் கத்தியைக் கவ்விச் செட்டில் பிடிக்க வேண்டாம். பல்லின் குழிக்குள் போகும் அளவு மெல்லிய உருண்டைப் பீங்கான் கோல் ஒன்றால், சரிவு உள்ள பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு குழிக்கும் நாலைந்து தரம். தட்டையான பக்கத்தில் எழும்பும் பிசிரை ஒரேயொரு தரம் தடவி எடுங்கள். கத்தரிக்கோலை மரையைக் கழற்றிப் பிரித்து, வெளிச் சரிவை மட்டும் அதன் பழைய கோணத்தில் தீட்டலாம். உட்பக்கத்தைத் தேய்த்தால் இரண்டு அலகும் ஒன்றையொன்று தொடாது, துணி நடுவில் மடிந்துகொண்டு போகும்.